ரெண்டடித் தொட்டியில ஏழு மீன்: சண்டை யாரால?

கேள்வி: 2 மார்ச் 2024, தைப்பிங் வாசகர்

உப்புத்தண்ணித் தொட்டியில மீன் அதிகமாயிடுச்சுன்னு பயமுறுத்துறவங்க எல்லாம் வடிகட்டியை ஒழுங்கா வைக்காதவங்க. கழிவுல இருந்து வர்ற நஞ்சான அமோனியா சைபர், நைட்ரைட் சைபர்னு வந்தா எத்தனை மீனும் விடலாம். ஒரு மீன் மத்ததைக் கடிச்சா அது அந்த மீனோட கெட்ட குணம், அதைப் பிடிச்சு வெளியே போட்டா எல்லாம் அடங்கிடும். இல்லைங்கிறவங்க காரணத்தைச் சொல்லுங்க.

3 மார்ச், காலை

தம்பி, போன தீபாவளிக்கு இதை நானே எழுதியிருப்பேன்.

நான் இருக்கிறது சுங்கை சிப்புட். வேலை செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்துல. ஆலைக் கழிவுத்தண்ணியைக் குளம் குளமா விட்டு பாக்டீரியாவை வச்சே சுத்தம் பண்றோம். முதல் குளத்துக்குப் போறப்ப அதோட பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும். ஆத்துல விடுறப்ப 100-ஐத் தாண்டக்கூடாது, சில இடங்கள்ல இன்னும் கடுமை. அந்த வேலையைத் தினம் பார்க்கிறவ நான். பாக்டீரியா மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அதனால தொட்டி வாங்கினப்ப என் யோசனை எல்லாம் வடிகட்டியிலதான். நுரையோட அழுக்கை வெளியேத்துற ஸ்கிம்மர், பாக்டீரியா குடியிருக்கிற லைவ் ராக் பாறை ஒன்பது கிலோ, தண்ணியை ஓட வைக்கிற பவர்ஹெட் பம்ப் ரெண்டு. ஆறு வாரம் மீனே இல்லாம ஓட விட்டேன். அமோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, ரெண்டும் சைபருக்கு வந்தப்புறம்தான் முதல் மீன்.

தொட்டி 60 × 35 × 40 செ.மீ., அதாவது 84 லிட்டர். உள்ள விட்டது ஏழு மீன்: கிளவுன் ஜோடி, கறுப்பு வெள்ளை பட்டை போட்ட டாம்சல் மூணு, ஃபயர்ஃபிஷ் ஒண்ணு, மணல் குழியில இருக்கிற மஞ்சள் கோபி ஒண்ணு. கோபிக்குத் துணையா ஒரு பிஸ்டல் இறால்.

இன்னைக்கும் அமோனியா சைபர்தான். நைட்ரைட்டும் சைபர். ஆனா ஃபயர்ஃபிஷ் மூணு வாரமா தொட்டியோட இடது மேல் மூலையை விட்டு இறங்கல. டாம்சல்ல சின்னதுக்கு வால் பாதி இல்ல. தண்ணி பத்தி நீங்க சொன்னது சரி. குணம் பத்திச் சொன்னதுலதான் எனக்குச் சந்தேகம். காரணத்தை ராத்திரி எழுதுறேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு.

3 மார்ச், ராத்திரி

முதல்ல ஒரு திருத்தம். 84 லிட்டர்ங்கிறது கண்ணாடிக் கணக்கு. மணல், பாறை, மேலே விட்ட நாலு விரல் இடம் எல்லாம் போக, நான் வாளியில ஊத்தின தண்ணி 62 லிட்டர்தான். கடையில அளவு சொல்றப்பவும் எல்லாரும் கண்ணாடிக் கணக்கைத்தான் சொல்றோம்.

இனி குணம். நீங்க சொன்ன வைத்தியத்தைப் பிப்ரவரியிலயே பண்ணிட்டேன். மூணு டாம்சல்ல பெருசுதான் எல்லாத்தையும் விரட்டிக்கிட்டு இருந்துச்சு. வலையில சிக்கவே சிக்காது, பாறைக்குள்ள புகுந்துடும். கடைசியில ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலோட கழுத்தை வெட்டி, அதையே தலைகீழா உள்ள சொருகி, ஒரு துண்டு இறால் போட்டு வச்சேன். மூணு நாள் கிளவுன்தான் மாட்டுச்சு. நாலாம் நாள் டாம்சல். ஈப்போவுல வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்.

ஒரு வாரம் தொட்டி கோயில் மாதிரி இருந்துச்சு. எட்டாம் நாள் நடு டாம்சல் எழுந்திருச்சு. அதுவரைக்கும் அது பெருசுகிட்ட அடி வாங்கிக்கிட்டு பாறைக்குப் பின்னாலயே கிடந்த மீன். இப்ப அதே பாறை, அதே மூலை, அதே விரட்டல்.

10 மார்ச்

தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து எண்ணுறேன். யார் யாரை விரட்டுறா, எத்தனை தடவை, விரட்டப்பட்டது எங்க போய் நிக்குதுன்னு ஆய்வுக்கூடத்து நோட்டுல எழுதுற மாதிரியே எழுதி வைக்கிறேன். பெருசு இருந்தப்ப ஒரு நாள் 34 தடவை. அதை எடுத்த வாரம் 5, 3, 6. நேத்து 29.

பசிதான் காரணம், தீனியைக் கூட்டுங்கன்னு பத்தாங் பெர்ஜுந்தாயில இருந்து ஒரு அண்ணன் சொல்லியிருக்கார். கூட்டிப் பார்த்தேன் அண்ணே. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டதை நாலு தடவை ஆக்கினேன். தீனி விழுற அந்த ஒரு நிமிஷம் மட்டும் எல்லாம் ஒத்துமை. ஒரு வாரத்துல, பாக்டீரியா வேலை முடிஞ்சு மிஞ்சுற நைட்ரேட் 10-ல இருந்து 40-க்குப் போயிடுச்சு, கண்ணாடியில பழுப்புப் பாசி. விரட்டல் குறையல. டாம்சல் காக்கிறது சாப்பாட்டை மட்டும் இல்ல, இடத்தை. வயிறு நிறைஞ்சாலும் வீடு வீடுதானே.

ஆனா மொத்தமா போடாம கொஞ்சம் கொஞ்சமா, தொட்டியோட ரெண்டு பக்கமும் போட்டா, மூலையில கிடக்கிறதுக்கும் ஒரு வாய் கிடைக்குது. அந்த மட்டுக்கும் அண்ணன் சொன்னது உதவிச்சு.

11 மார்ச்

சமையல் உப்பு போடலாமான்னு கேட்டவங்களுக்கு: வேண்டாம். அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் உப்புக் கலவையில கால்சியம், மெக்னீசியம், பி.எச். இறங்காம பிடிச்சு வைக்கிற உப்புகள் எல்லாம் இருக்கு. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு, கலக்கி ஒரு ராத்திரி ஓட விட்டு, அடர்த்தி 1.025 வந்தப்புறம் ஊத்துங்க. பைப்புத்தண்ணின்னா குளோரினை நீக்குற மருந்தும் கட்டாயம்.

17 மார்ச்

ஃபயர்ஃபிஷ் போயிடுச்சு.

காலையில பசியாறிட்டு வந்து பார்த்தப்ப தொட்டியில இல்ல. பாறை இடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுத் தேடினேன். அம்மாதான் கூட்டுறப்ப அலமாரிக்குப் பின்னால கண்டுபிடிச்சாங்க. காஞ்சு, தீக்குச்சி மாதிரி. பயந்தா துள்ளுற சாதி அது, மேல வலை போடணும்னு எனக்குத் தெரியும். பின்பக்கம் வயர் போறதுக்கு விட்ட ரெண்டு விரல் இடைவெளி வழியா போயிருக்கு. அதை அடைக்காம விட்டது நான். அஞ்சு வாரமா மேல் மூலையில ஒதுங்கி நின்ன மீன், அதுக்குப் போறதுக்கு இருந்த ஒரே வழி மேலதான்.

அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்தார். அவர் தோட்டத்து லயத்துல பிறந்து வளர்ந்தவர். ஒரு அறை, ஒரு குசினி, எட்டுப் பேர். "நாங்களும் அடிச்சுக்குவோம். அடி வாங்கினவன் கித்தாக் காட்டுப் பக்கம் போயிடுவான். பொழுது சாயத் திரும்பி வருவான், எல்லாம் மறந்திருக்கும். இது எங்கம்மா போகும்?" என்றார்.

அதுக்கப்புறம் நான் எண்ணுறதை மாத்திட்டேன். எத்தனை தடவை விரட்டுதுங்கிறதை விட்டுட்டு, விரட்டப்பட்டது எத்தனை தடவை கண்ணுல இருந்து மறையுதுன்னு பார்க்கிறேன். முதல் நாள் 22 விரட்டல். மறைஞ்சது ரெண்டே தடவை.

24 மார்ச்

இந்த வாரம் முழுக்க பழைய ஞாபகம் ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. 2019-ல் கூட்டாளிங்களோட கெடா பக்கம் பூலாவ் பாயாருக்குப் போனேன். கடல் பூங்கா, மீன் பிடிக்கக்கூடாது, தொடக்கூடாது. முகமூடி போட்டுக்கிட்டு மிதந்தா போதும், இடுப்பளவு ஆழத்துலயே பவளம் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு டாம்சல் என் முகமூடியையே வந்து முட்டிச்சு. நான் ரெண்டு முழம் தள்ளிப் போனேன், விட்டுடுச்சு. திரும்பி அது இடத்துக்குப் போயிடுச்சு.

அவ்வளவுதான் கடல்ல. விரட்டின மீனுக்கு வேண்டியது ரெண்டு முழம். தோத்த மீன் அந்த ரெண்டு முழத்தைத் தாண்டினா விஷயம் முடிஞ்சுது. என் தொட்டியோட மொத்த நீளமே அறுபது சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. எங்க போனாலும் அது இன்னும் அவனோட எல்லைக்குள்ளதான். அதனால விரட்டுறவனுக்கு ஜெயிச்ச மாதிரியே தெரியல, திரும்பத் திரும்ப விரட்டுறான்.

அதனால தம்பி, 3-ஆம் தேதி எழுதினதுல ஒண்ணை மாத்திக்கிறேன். குணத்துல சந்தேகம்னு எழுதினேன். குணம் இருக்கு, டாம்சலுக்கு அது பிறவிக்குணம். கெட்ட குணம்ங்கிறதைத்தான் ஒத்துக்க மாட்டேன். பட்டை டாம்சல் கடல்ல கூட்டமா ஒரே கிளைப்பவளத்துல குடி இருக்கும். பெருசு, அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு வரிசை உண்டு. ஆபத்து வந்தா எல்லாம் ஒண்ணா கிளைக்குள்ள புகுந்துக்கும். சின்னது நுழையுற சந்துல பெருசால நுழைய முடியாது. என் தொட்டியில நான் பாறையைப் பின் கண்ணாடியோட ஒட்டி ஒரே சுவரா அடுக்கியிருந்தேன், பார்க்க அழகா இருக்கும்னு. ஒரு சுவர், ஒரு முதலாளி.

25 மார்ச்

இன்னொண்ணு விட்டுப்போச்சு. கிளவுனும் டாம்சல் குடும்பம்தான். சாதுன்னு நினைச்சு மூணாவது கிளவுன் வாங்காதீங்க. கிளவுன்ல பெருசு பெண், அடுத்தது ஆண். எல்லாம் ஆணாத்தான் தொடங்கும், பெண் போயிட்டா அடுத்த ஆண் பெண்ணா மாறும். ஜோடி சேர்ந்தப்புறம் மூணாவதா வர்றதுக்கு ரெண்டடித் தொட்டியில இடமே கிடையாது. என் பெண் கிளவுன் கண்ணாடி துடைக்கிறப்ப என் விரலையே கடிக்குது. பட்டை டாம்சல் இதுக்கு நேர் மாறு, பெண்ணா இருந்து ஆணா மாறும். என் மகன் இதைக் கேட்டுட்டு மறுநாள் தமிழ்ப்பள்ளியில வகுப்பு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கான்.

1 ஏப்ரல்

பாறையைப் பிரிச்சுட்டேன். எல்லாத்தையும் வெளியே எடுத்து ரெண்டு குவியலா வச்சேன், நடுவுல ஒரு சாண் மணல். இந்தக் குவியல்ல இருந்து பார்த்தா அந்தக் குவியலோட பின்பக்கம் தெரியாது. சின்ன சின்ன சந்துகள், டாம்சல் வால் அளவுக்கு.

முதல் நாள் விரட்டல் 4. எல்லாத்துக்கும் ஊரே புதுசு. மூணாம் நாள் 17. ஆனா மறைஞ்சது 11. இந்த எண்ணைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

மீனை எந்த வரிசையில விடணும்னு கேட்டவருக்கு: சாதுவான மீன் முதல்ல, முரடு கடைசியில. நான் பண்ணினது தலைகீழ். மலிவு, சாகாதுன்னு சொல்லி டாம்சலைத்தான் முதல்ல கொடுத்தாங்க, நானும் வாங்கினேன். பிறகு வந்த எல்லாமே அதோட வீட்டுக்குள்ள வந்த அந்நியன் ஆயிடுச்சு. முரட்டு மீனை வெளியேத்த மனசு இல்லைன்னா, காய்கறி அலசுற பிளாஸ்டிக் கூடையைக் கவுத்து அதுக்குள்ள ஒரு வாரம் வச்சுப் பாருங்க. தண்ணி ஓடும், கண்ணு தெரியும், பல்லு படாது. மத்தது இடம் பிடிச்சுக்கும், பிறகு இதைத் திறந்து விடலாம். புதுசா ஒரு மீனைச் சேர்க்கிறப்ப அந்தப் புது மீனையும் இதே மாதிரி வைக்கலாம். கண்ணாடியில ஒரு முகக்கண்ணாடி ஒட்டினா டாம்சல் அதோட மல்லுக்கு நிக்கும்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டு நாள் வேலை செஞ்சுது.

14 ஏப்ரல்

வெயில். மத்தியானம் தொட்டி 31.5 டிகிரி. சில்லர் வாங்க என்கிட்ட வெள்ளி இல்ல, மேசை ஃபேனைத் தண்ணி மேல திருப்பி வச்சேன், 28-க்கு இறங்குச்சு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகுது. அதுல ஒரு தப்பு பண்ணினேன்: குறைஞ்ச தண்ணிக்கு உப்புத்தண்ணியையே ஊத்தினேன். ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிக்கும். ஒரு வாரத்துல அடர்த்தி 1.029. நல்ல தண்ணிதான் ஊத்தணும்.

சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவு, உப்பு சேர்ந்தா இன்னும் குறைவு. மீன் எண்ணிக்கை இங்கேயும் வந்து இடிக்குது. வியாழக்கிழமை மழைக்கு மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. ஆறு மீனும் மேல வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் இருந்துச்சு, அதால தப்பிச்சுது. ஸ்கிம்மர், லைவ் ராக்குன்னு நான் பெருமையாச் சொன்னேனே, எல்லாம் பிளக்கை நம்பித்தான் நின்னிருக்கு.

5 மே

வெள்ளைப் புள்ளி.

சின்ன டாம்சல்ல தொடங்கி நேத்து கிளவுனுக்கும் வந்துடுச்சு. உப்புத்தண்ணி இக். பூஞ்சை இல்ல, ஒரே செல் உள்ள ஒட்டுண்ணி. மீன் மேல சில நாள் இருக்கும், பிறகு உதிர்ந்து மணல்ல, பாறையில ஒட்டிக் கூடு கட்டும். கூடு வெடிச்சு நூத்துக்கணக்குல குஞ்சு நீந்திப் போய் மீனைத் தேடும். ஓரிரு நாள்ல மீன் கிடைக்கலைன்னா செத்துடும். கடல்ல பெரும்பாலானதுக்குக் கிடைக்காது. 62 லிட்டர்ல ஆறு மீன்னா எந்தப் பக்கம் நீந்தினாலும் கிடைக்கும். வால் இல்லாம, சாப்பிடாம, ரெண்டு மாசமா பயத்துலயே இருந்த மீனைத்தான் அது முதல்ல சாய்ச்சுது. சின்ன டாம்சல் இன்னைக்குக் காலையில செத்துப்போச்சு.

மீதி நாலையும் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாத்திட்டேன். செம்பு மருந்து அதுல மட்டும். பெரிய தொட்டியில ஊத்தினா இறால் செத்துடும், பாறையும் செம்பை உறிஞ்சி வச்சுக்கும். பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாம கிடக்கணும். ஜூலை 20 வரைக்கும். இறால் மட்டும் அதுலயே தனியா.

6 மே

நேத்து எழுதினதுல எண்ணிக்கை இடிக்குதுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கேட்டது நல்லது. முதல்ல ஏழு. பிப்ரவரியில பெரிய டாம்சல் போச்சு, ஆறு. மார்ச்ல ஃபயர்ஃபிஷ், அஞ்சு. ஏப்ரல்ல ஆறு மீன்னு எழுதினது தப்பு, மே-லயும் அதே தப்பை எழுதியிருக்கேன். அஞ்சுதான். செத்துப்போனதை மனசு இன்னும் சேர்த்தே எண்ணுது. இப்ப நாலு: கிளவுன் ரெண்டு, நடு டாம்சல், கோபி.

12 மே

நடு டாம்சல் காய்கறிக் கூடைக்குள்ள இருக்கு, வெறும் தொட்டியில அதை மத்ததோட விட முடியாது. லூமுட்டுக்குக் கொண்டுபோய் கடல்ல விட்டுடுங்கன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. மனசு புரியுது, ஆனா செய்யமாட்டேன். இது எந்தக் கடல்ல பிடிச்ச மீன்னே எனக்குத் தெரியாது. இப்ப உடம்புல நோயும் இருக்கு. அதை அங்க உள்ள மீனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது.

கடைக்கும் திருப்பித் தர மனசு வரல. பிப்ரவரியில கொடுத்தேனே, அந்தப் பெருசை அடுத்த வாரமே இன்னொருத்தருக்குப் புதுத் தொட்டியில முதல் மீனா வித்திருக்காங்க. அவரும் இப்ப என்னை மாதிரிதான் உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருப்பார்.

16 ஜூன்

செம்பு 30 நாள் முடிஞ்சுது, புள்ளி இல்ல. நடு டாம்சலை ஈப்போவுல அஞ்சடித் தொட்டி வச்சிருக்கிற ஒரு மாமா எடுத்துக்கிட்டார். அங்க பெரிய மீன்கள் இருக்கு, கிளைக்கிளையா பவளம் இருக்கு. விட்ட உடனே ஒரு கிளைக்குள்ள போய் நின்னுச்சு. அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவைதான் ஒரு மீன் அதை விரட்டுச்சு, அதுவும் பாதியிலேயே திரும்பிடுச்சு.

தைப்பிங் தம்பிக்கு: நீங்க போட்ட அங்குலக் கணக்கைப் பார்த்தேன். இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன்னு. அது கழிவுக் கணக்கு, எங்க ஆலைக் குளத்துக்குச் சரி. அஞ்சு சென்டிமீட்டர் டாம்சல் விடுற கழிவு கொஞ்சம்தான், ஆனா அது கேக்கிற இடம் என் தொட்டி முழுசும். ரெண்டையும் தனித்தனியாப் போடுங்க. உங்க தொட்டியில பத்து நிமிஷம் எண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க, மறையுற எண்ணோட.

21 ஜூலை

நேத்து 76 நாள். இன்னைக்கு கிளவுன் ஜோடியும் கோபியும் உள்ள. மூணு மீன், 62 லிட்டர். இறால் இருக்கா இல்லையான்னே தெரியாம இருந்தேன். பார்த்து ஒரு மாசம் ஆச்சு. ராத்திரியில எப்பவாவது டக்குன்னு ஒரு சத்தம் மட்டும், அது கொடுக்கைச் சொடுக்குற சத்தம்.

கோபியைப் பழைய குழி இருந்த பக்கம் விட்டேன். குழி தூர்ந்து கிடந்துச்சு. கோபி மணல் மேல அசையாம படுத்துக்கிட்டு இருந்துச்சு.

23 ஜூலை

காலையில வலது குவியலுக்கு அடியில புதுக் குழி. கோபி வாசல்ல. இறால் உள்ள இருந்து மணலைத் தள்ளிக்கிட்டு வருது, ஒரு மீசையைக் கோபி முதுகுல வச்சுக்கிட்டே. இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, கோபி வாலை ஆட்டினா உள்ள ஓடிடும். பெண் கிளவுன் மேல போனப்ப கோபி வாலை ஆட்டுச்சு, ரெண்டும் உள்ள போயிடுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு.

இன்னைக்கு எண்ணிக்கை: விரட்டல் 2, மறைஞ்சது 2.